அப்பா கை வைத்தால் அணைகிற லேப்டாப்

அன்புள்ள வாலுக்கு,

அம்மா எழுதுவது. நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, நன்றாக இருக்கிறாய் என்று நானாகவே முடிவு செய்துகொண்டுதான் இதைத் தொடங்குகிறேன், என் முடிவைப் பொய்யாக்கிவிடாதே. இங்கே அப்பாவும் நானும் நலம் என்று அடுத்த வரி வர வேண்டும். உடம்பைப் பொறுத்தவரை அது உண்மைதான். அடிக்கடி போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நீ இந்நேரம் யோசித்திருப்பாய். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். போனில் சொல்ல முடியாதது ஒன்று இருக்கிறது, நம் வீட்டில் ஒரு அறையில் பேசினால் மூன்று அறைக்கும் கேட்கும் என்பது உனக்குத் தெரியாததா. அதனால் தையல் மெஷின் பலகை மேலேயே தாளை வைத்துக்கொண்டு எழுதுகிறேன், அப்பா எட்டிப் பார்த்தால் அளவு குறிக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார். இந்தக் கடிதத்தோடு துணியில் சுற்றி ஒரு சின்ன டிரைவ் வைத்திருக்கிறேன். அதை இப்போது தொடாதே, முழுக்கப் படித்துவிட்டு எடு.

உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறாள் என்று அலுத்துக்கொள்ளாதே, வரிசையாகச் சொன்னால்தான் எனக்குப் படபடப்பு கொஞ்சம் அடங்குகிறது. தொண்டையில் கத்தி வைத்தால் குரல் போய்விடும் என்று டாக்டர் சொன்னதும், பேச்சுப் பயிற்சி தருகிற அந்த அம்மா அப்பாவைத் தனியாக உட்கார வைத்து, "குரல் இருக்கும்போதே பேசிப் பதிஞ்சு வச்சுக்குங்க, அப்புறம் திரையில தொட்டா உங்க குரல்லயே கேக்கும்" என்று சொன்னதும், நீ விட்டுப்போன பழைய லேப்டாப்பில் அதற்கான ஏற்பாட்டை நீ லீவு போட்டு வந்து செய்து கொடுத்ததும் நேற்று நடந்தது போல இருக்கிறது. அந்த அம்மா கொடுத்த தாளில் இருந்த "எனக்குத் தாகமாக இருக்கிறது" என்பதை ஒரு தடவை படித்துவிட்டு, "இதென்ன, பிச்சை கேக்கிற மாதிரி இருக்கு" என்று தாளை மடித்து எறிந்தார் உன் அப்பா. வருஷக்கணக்காகக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்தவர் ஆயிற்றே, கெஞ்சுகிற குரல் அவரிடம் எங்கே இருந்தது. என் தையல் துணிகள் தொங்குகிற சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தன் இஷ்டத்துக்குப் பேசினார். வீடு, கடை, டாக்டர், திட்டு என்று நீ நாலு ஃபோல்டர் போட்டுக் கொடுத்தாய், திட்டு மட்டும்தான் முதலில் நிரம்பியது. இதை இன்னொரு இடத்திலும் காப்பி எடுத்து வைக்கலாம் என்று நீ கேட்டபோது, "என் குரல் என் வீட்ல இருந்தா போதும், ஊரெல்லாம் எதுக்கு" என்று மறுத்துவிட்டார். நீயும் நானும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டோம். இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்து வந்த புதிதில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. பனியனும் கைலியுமாக மேஜை முன்னால் உட்கார்ந்து, திரையில் ஒவ்வொன்றாகத் தொட்டு என்னை அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தார். கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவர் அதை வாசலிலேயே உருட்டிவிட்டுத் திரும்பினார், அப்பா உள்ளே இருந்து ஒரு பொத்தானைத் தட்டினார், "யோவ், நில்லு, கிழவியா வந்து தூக்குவா" என்று வீடே அதிரக் குரல் வந்தது. வந்தவர் அரண்டு போய் சிலிண்டரைத் தூக்கிச் சமையலறை வரை கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார். கிழவி என்றது என்னைத்தான். அன்றைக்கு எனக்குக் கோபமே வரவில்லை, போனது எதுவும் போகவில்லை என்று இருந்தது.

பிறகு கொஞ்சம் தெம்பு வந்ததும் பழையபடி முழுக்கைச் சட்டை போட வேண்டும் என்றார். தொண்டைக்குள் ஒட்டுப்போட இடது மணிக்கட்டில் இருந்து தோல் எடுத்தார்கள் இல்லையா, அந்தத் தழும்பை யாரும் பார்ப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்தக் கை விரல்களுக்கு இன்னும் பிடிமானம் வரவில்லை, கைமுனைப் பொத்தானைப் போட முடியாமல் வியர்த்துப் போவார், நான் போட்டுவிட வந்தால் கையைப் பின்னால் இழுத்துக்கொள்வார். நான்தான் யோசித்து, கைப்பை தைக்கும்போது உள்ளே வைப்பேனே அந்தக் காந்தப் பொத்தான், அதையே எல்லாச் சட்டையிலும் கைமுனையில் துணிக்குள் மறைத்துத் தைத்துக் கொடுத்தேன். கிட்டே கொண்டு போனாலே தானாகப் பச்சக்கென்று ஒட்டிக்கொள்ளும். அவருக்கு அவ்வளவு சந்தோஷம், திறந்து மூடி, திறந்து மூடி விளையாடினார். எனக்கும் தலைகால் புரியவில்லை, இத்தனை வருஷத் தொழிலில் இதுதான் உருப்படியாகச் செய்த வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரத்தில்தான் லேப்டாப் தொல்லை கொடுக்க ஆரம்பித்தது. அப்பா எதையோ சொல்ல உட்காருவார், பாதியில் திரை கறுத்துப் போகும். சுவிட்சைத் தொட்டால் ஒரு கணம் வெளிச்சம் வந்து திரும்பவும் போகும். நின்றுபோனால் சுவிட்சை விடாமல் அமுக்கிப் பிடிக்க வேண்டும் என்று நீ சொல்லிக் கொடுத்திருந்தாய், அதையே செய்வார். திரும்ப உயிர் வரும், தொடுவார், திரும்பச் சாகும். சில நாள் ஒரு தொந்தரவும் இருக்காது, அவர் குளித்துவிட்டு பனியனோடு உட்கார்ந்த நாட்கள் அவை என்று இப்போதுதான் தெரிகிறது, அப்போது நாங்கள் அதற்கு இன்று நல்ல மூடு என்று சொல்லிக்கொண்டோம். நான் சார்ஜரை மாற்றிப் பார்த்தேன், வேறு அறையில் வேறு பிளக்கில் போட்டுப் பார்த்தேன், அடியில் சூடாகிறதோ என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்து, கட்டைகளை முட்டுக் கொடுத்து ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்தேன். நாங்கள் புழுக்கத்தில் உட்கார்ந்திருந்தோம், அது ராஜா மாதிரி காற்று வாங்கியது. கடைசியில் தெருமுனைக் கடை மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் கழற்றித் தூசி ஊதி, உள்ளே இருந்த மெமரியைப் பிடுங்கித் துடைத்துத் திரும்பச் செருகி, நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்லையேம்மா, நல்லாத்தானே ஓடுது" என்று கொடுத்தார். வீட்டுக்கு வந்தது, அப்பா நல்ல சட்டை போட்டுக்கொண்டு ஆசையாக உட்கார்ந்தார், கறுத்துப் போனது. திரும்பக் கொண்டு போனால் கடையில் நன்றாக ஓடுகிறது. நான் உட்கார்ந்தால் ஓடுகிறது. நீ அங்கிருந்தே நெட் வழியாக உள்ளே புகுந்து பார்த்தாயே, அப்போதும் சமர்த்தாக ஓடியது. ஒரு நாள் கறுப்புக்குப் பதிலாகத் திரை முழுக்க நீலமாகி வெள்ளை எழுத்து வந்தது, அதைப் படிக்கக்கூட எனக்குக் கண் நிலைக்கவில்லை, டாக்டர் ஸ்கேனைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டியபோது இப்படித்தான் இருந்தது.

அதன் பிறகு நடந்ததுதான் போனில் சொல்ல முடியாதது. நீ கோபித்துக்கொள்ளாதே. அன்று நீ, "அப்பாதான் எதையோ தப்பா அமுக்குறாரும்மா, அவர் கை வைக்காம நீயே வச்சுக்கோ" என்றாய். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அப்பா எனக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். நீ மனசறிந்து சொல்லவில்லை, நானும் அதையேதான் நினைத்திருந்தேன், வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அடுத்த நாள் லேப்டாப்பை மூடி அலமாரி மேல்தட்டில், என் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டார். எழுதிக் காட்ட வாங்கிய வெள்ளைப் பலகையில் "போதும்" என்று எழுதினார், அதை அழிக்கவும் இல்லை, அதற்கு மேல் எதுவும் எழுதவும் இல்லை. பயிற்சி அம்மாவிடம் போகலாம் என்றால் தலையை ஆட்டுகிறார். ஏதாவது வேண்டுமானால் கை தட்டிக் கூப்பிடுகிறார். உன் அத்தையிடம் சொன்னால், "அவனுக்கும் மெஷினுக்கும் எப்பவுமே ஆகாது, விடு, புதுசு ஒண்ணு வாங்கிக்கிட்டா போச்சு" என்கிறாள். புதுசு வாங்கலாம், அதற்குள் அவர் குரலை எந்தக் கடையில் வாங்குவது. எனக்கு ராத்திரி பகல் தெரியாமல் ஒரே பயம், வாலு. வியாதிக்குக்கூட இப்படிப் பயப்படவில்லை. வியாதி வந்தபோது அவர் கத்திக்கொண்டு இருந்தார், ஆள் இருக்கிறார் என்று தெரிந்தது. இப்போது சோறு போட்டால் சாப்பிடுகிறார், கட்டிலில் படுக்கிறார், ஆனால் வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன் என்று தோன்றுகிறது. ஆள் உயிரோடு இருக்கும்போதே இப்படி நினைக்கிறேனே என்று அதற்கும் சேர்த்துப் பயப்படுகிறேன்.

அவர் காலையில் நடக்கப் போன நேரம் ஸ்டூல் போட்டு ஏறி லேப்டாப்பை எடுத்தேன். ஓடவிட்டுப் பக்கத்திலேயே இருந்து எப்போது நிற்கிறது என்று பாருங்கள் என மெக்கானிக் சொல்லியிருந்தார். அதன் எதிரே உட்கார்ந்து அப்பாவுக்குப் புதுச் சட்டை ஒன்றுக்குக் கைமுனை தைத்துக்கொண்டிருந்தேன். மழை மூட்டம், வெளிச்சம் போதவில்லை, ஊசி முனை தெரியட்டும் என்று கைமுனையை லேப்டாப்பின் ஓரத்தில் வைத்துத் திரை வெளிச்சத்தில் பார்த்தேன். பொட்டென்று கறுத்துவிட்டது. ஐயோ என்று சட்டையை எடுத்தேன், திரை வந்துவிட்டது. சும்மா ஏதோ தற்செயல் என்று திரும்பவும் வைத்தேன், போய்விட்டது. எடுத்தேன், வந்தது. இடது ஓரம், மணிக்கட்டு படுகிற அதே இடம். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை நாளாக இதைக் கொன்றுகொண்டிருந்தது அவர் கையும் இல்லை, வியாதியும் இல்லை, நான் பார்த்துப் பார்த்துத் தைத்த பொத்தான்.

லேப்டாப்பையும் சட்டையையும் எடுத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் ஓடினேன், எதிரே நடந்து வந்த அப்பாவையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். மெக்கானிக் தானும் வைத்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். மூடியில் ஒரு காந்தம் இருக்குமாம், மூடினால் அடியில் இருக்கிற ஏதோ ஒன்று அதைக் கண்டுகொண்டு மெஷினைத் தூங்க வைக்குமாம். நம் பொத்தான் கிட்டே வந்ததும், மூடிவிட்டார்கள் என்று நினைத்து அது பாட்டுக்குத் தூங்கியிருக்கிறது. "இதெல்லாம் யாருக்கும்மா தோணும், நான் சட்டையோட டெஸ்ட் பண்ணுவேனா" என்று அவரே நொந்துகொண்டார். எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது, அப்பாடா, அவ்வளவுதானே என்று கேட்டேன். அவர் அவ்வளவுதான் என்று சொல்லவில்லை. தூங்கினதால் கெடுதல் இல்லை, தூங்கினதை எழுப்புவதாக நினைத்து சுவிட்சை அமுக்கிப் பிடித்து அமுக்கிப் பிடித்து அணைத்தோமே, அதுதான் கெடுதல் என்றார். உள்ளே எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்டை வெட்டினால் எழுதியது சிதையுமாம், ஹார்ட் டிஸ்க்கும் பழசாம். காதை வைத்துக் கேட்கச் சொன்னார், உள்ளே டக் டக் என்று நகம் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம். சரி, சேதம் எவ்வளவு என்று பார்ப்போம் என்று ஒன்றைத் திறந்தார். "பிரேக்! பிரேக்! பிரேக்க அமுக்குடா!" என்று கடை முழுக்க உன் அப்பாவின் குரல். அங்கே நின்றிருந்தவர்கள் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். வாசலில் நின்ற அப்பாவும் யார் என்று பார்க்கிறவர் போலத் திரும்பினார், அந்த முகத்தை நான் எப்படி எழுதுவேன். அடுத்ததைத் திறந்தார், வெறும் இரைச்சல். அதற்கு அடுத்தது திறக்கவே இல்லை. மெக்கானிக் கையை எடுத்துவிட்டார், இந்த டிஸ்க்கைத் தோண்டத் தோண்ட இன்னும் கெடும், வந்தவரை வரட்டும், காப்பி எடுத்துவிடுகிறேன் என்று சொல்லி இரண்டு டிரைவில் எடுத்தார். காப்பியைத் திறந்து பார்த்தால் ஒன்றும் ஆகாது, பார்த்துவிடலாமா என்று கேட்டார். நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வாசலில் இல்லை, தெருவில் வீட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நானும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் அவர் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், உங்கள் கையில் ஒன்றும் இல்லை, நான் தைத்த பொத்தான்தான் என்று கைமுனையைத் திருப்பிக் காட்டினேன். பொத்தானை ஒரு தடவை திறந்து மூடிப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கியது, சிரிக்கிறார் என்று நினைத்து நானும் சிரித்தேன், கழுத்து ஓட்டையில் காற்று விசில் மாதிரி வந்துகொண்டே இருந்தது. பிறகுதான் பார்த்தேன், அது சிரிப்பு இல்லை. நான் அந்தப் பொத்தான்களைப் பிரிக்கக் கத்தரியை எடுத்தேன், அவர் கத்தரியை வாங்கி வைத்துவிட்டார், சட்டையைக் கழற்றவும் விடவில்லை. அன்றிலிருந்து ஒரு மாற்றம், கை தட்டுவதை நிறுத்தியிருக்கிறார், எழுந்து வந்து தோளைத் தொடுகிறார். பலகையில் அந்த வார்த்தை மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. இன்னொரு டிரைவ் அலமாரியில்தான் இருக்கிறது, அவரும் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. கதவுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று தெரியாத மாதிரி அந்தப் பக்கமே போகாமல் இருக்கிறோம்.

அதனால்தான் உனக்கு அனுப்புகிறேன், வாலு. நெட்டில் அனுப்பலாமே என்பாய், அதற்கும் முதலில் அதைத் திறக்க வேண்டும், எனக்குத் தைரியம் இல்லை, உன் அம்மா இவ்வளவுதான். பார்சலைச் சுற்றியிருக்கும் துணியை நூலால் தைத்திருக்கிறேன், பிரிக்கும்போது டிரைவில் கத்தரி படாமல் பார். முதலில் அப்பாவுக்கு நாலு வரி எழுது, நீங்கள் எதையும் தப்பாக அமுக்கவில்லை என்று நீயே உன் கையால் எழுது, நான் சொன்னதாக வேண்டாம். பிறகு யாரும் இல்லாதபோது உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார். உன்னைக் கூப்பிட்டு அவர் பதிந்தது இருக்கிறதா என்று தேடிக்கொள். அதற்கப்புறம் வீடு ஃபோல்டரில் எனக்காக ஒன்றைத் தேடு. கல்யாணமான நாளில் இருந்து அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, "இங்க பாரேன்" என்பதுதான் என் பெயர். அதை அவர் பதிந்தபோது நான் கதவுக்கு வெளியே இருந்தேன், என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து "என்ன?" என்று கேட்டுக்கொண்டே கதவைத் திறந்துவிட்டேன், அதில் என் குரலும் விழுந்துவிட்டது. அழித்துவிட்டு வேறு பதியுங்கள் என்றேன். "இருக்கட்டும், நீ பதில் சொல்லாம நான் எப்ப கூப்பிட்டிருக்கேன்" என்று அப்படியே வைத்துக்கொண்டார். அது இருந்தால் போன் பண்ணி ஒன்றும் பேசாதே, அதை மட்டும் ஓடவிடு, நான் போனை அவர் பக்கத்தில் வைத்துவிடுகிறேன். இல்லையென்றால் வழக்கம்போல என்ன சமையல் என்று கேள், நான் புரிந்துகொண்டு பதில் சொல்கிறேன், அவரிடம் எப்படிச் சொல்வது என்பதை என்னிடம் விட்டுவிடு.

நீயும் உன் வேலையும் நன்றாக இருக்க வேண்டும், உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது, எங்கள் இரண்டு பேர் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு, அவர் சார்பில் நானே எழுதிவிட்டேன். குளிருக்குக் கழுத்தை மூடிக்கொண்டு போ, இருமல் வந்தால் தள்ளிப்போடாமல் போய்க் காட்டு, இதில் மட்டும் விளையாட்டு வேண்டாம். மறந்துவிடாதே, எதுவாக இருந்தாலும் போன் பண்ணு. என்ன சொல்வது என்று தெரியாமல் நீ பண்ணாமல் இருந்துவிடுவாயோ என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருக்கிறது.

போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்,
உன் அம்மா